கவசத்தைக் கழுவிய மாமா

இந்த ஆயுத பூஜை அன்று காலையில், ஒரு பிளாஸ்டிக் மார்புக் கவசத்தின் மேல் காபித்தூள் தூவிக்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்கிறீர்களா? துருப்பிடிக்க வைக்க! பிளாஸ்டிக் எப்படித் துருப்பிடிக்கும் என்று அடுத்த கேள்வி கேட்காதீர்கள். அதை நான் ஏற்கெனவே கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திட்டியது என் அக்கா மகள் காவ்யா. தீர்த்தமலைக்குப் பக்கத்தில் அக்கா வீடு. பண்டிகைக்கு அரூரிலிருந்து போன என்னை ஒரு வாய் காபி குடிக்கவிடவில்லை. கையில் பிரஷ்ஷைத் திணித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். இன்ஜினியரிங் முடித்த காவ்யாவுக்குச் சென்னையில் ஒரு இன்டர்வியூ. சினிமாவுக்கு உடை, கவசம், கத்தியெல்லாம் செய்து கொடுக்கிற கம்பெனி. புதுக் கவசம் ஒன்றை வாங்கி, இருபது வருஷம் சண்டை பார்த்தது மாதிரி மாற்றி எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் மதியம் பொம்மிடியில் ரயில்.

அவளுடைய அப்பாவுக்கு — அதாவது என் மாமாவுக்கு — இதில் துளியும் இஷ்டமில்லை. "வேஷங்கட்றவனுக்குச் சட்ட தெச்சிக் குடுக்கவா பாப்பா உன்ன இன்ஜினியருக்குப் படிக்க வெச்சன்?" என்று குதித்தார். கடைசியில் ஒரே ஒரு தடவை போய்வரச் சம்மதித்தார். கிடைக்காவிட்டால் தர்மபுரியில் பேங்க் கோச்சிங், அப்புறம் வாயே திறக்கக் கூடாது. அன்றிலிருந்து பத்து நாளாக அப்பாவும் பெண்ணும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. "அவகிட்ட சொல்லு", "அவருகிட்ட கேளு" என்று அக்கா வழியாகத்தான் எல்லாம்.

ஆன்லைனில் வந்த கவசம் வெள்ளி நிறத்தில் பளபளவென்றிருந்தது. அதன் மேல் கறுப்பும் பிரவுனும் கலந்து பூசினாள். ஸ்பாஞ்சால் ஒற்றினாள். வயலிலிருந்து செம்மண் எடுத்துச் சலித்து அப்பினாள்.

"போதுமாடி?"

"இன்னும் அசிங்கமா வேணும் சித்தி."

எனக்குத் தலை சுற்றியது. நாமெல்லாம் ஆயுசு முழுக்க என்ன செய்கிறோம்? பழசைப் புதுசாக்குகிறோம்! பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோம். பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கிறோம். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நான் தலைக்கு டை அடிக்கிறேன் — இது நமக்குள் இருக்கட்டும். புதுசைப் பழசாக்க ஒரு வேலை, அதற்கு ஒரு சம்பளம், அதற்கும் ஒரு இன்டர்வியூ... உலகம் எந்தப் பக்கம் போகிறது?

"கீறல் எங்கடி போடறது?"

"இவரு எந்தக் கையால சண்ட போடுவாரு, வெட்டு எங்க வுழும்னு யோசிச்சிப் போடுங்க சித்தி."

யார் இவர்? ஊர் பேர் தெரியாத ஒரு மனுஷனுக்கு வெட்டு எங்கே விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்? உத்தேசமாக இடது தோளில் ஒரு கீறல் போட்டுவிட்டு, மனசுக்குள் அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

எல்லாம் முடிந்த பிறகுதான் வார்னிஷ் தீர்ந்துபோனது தெரிந்தது. அதை மேலே அடிக்காவிட்டால் தொட்டாலே பெயின்ட் கையோடு வந்துவிடுமாம். பூஜை போட்டுக் கடையைச் சாத்துவதற்குள் வாங்கிவருகிறேன் என்று காவ்யா வண்டியை எடுத்துக்கொண்டு அரூருக்குப் பறந்தாள். கவசத்தை வாசல் வெயிலில் வைத்துவிட்டு, நான் வடைக்கு வெங்காயம் நறுக்கப் போனேன்.

மாமாவின் டிராக்டருக்குப் பதினெட்டு வயது. நேற்றுதான் ஷோரூமிலிருந்து வந்தது என்றால் நம்பிவிடுவீர்கள். ஆயுத பூஜை வந்தால் மண்வெட்டி, கடப்பாரை, கொடுவாள், பம்ப்செட் மோட்டார்... வீட்டில் ஒன்று பாக்கியில்லாமல் குளித்தாக வேண்டும். குளித்ததற்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தாக வேண்டும்.

"ஏம்மா, தேங்கா நாரும் சோப்பும் கொஞ்சம் எடுத்தா" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. டிராக்டருக்கு என்று நினைத்துக் கொடுத்தேன். நார் போதவில்லை என்றார். இன்னும் கொடுத்தேன்!

மூன்றாவது தடவை தண்ணீர் கேட்டார். பக்கெட்டோடு போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கவசத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். செம்மண்ணும் காபித்தூளும் வாசலில் ஓடின.

"ஐயோ மாமா! என்னாங்க பண்றீங்க?"

"நாலு பேரு முன்னாடி வெக்கிற பொருளும்மா. இவ்ளோ அழுக்கோடவா பாப்பா எடுத்துக்கினு போவும்? நம்ம வூட்லருந்து போனதுன்னா எவன் மதிப்பான்?"

சொல்லிவிட்டு, தோள் துண்டால் துடைத்து, மார்பில் மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பெண்ணோடு பத்து நாளாகப் பேசாத மனுஷர். அவளுக்கு இந்த வேலை கிடைத்துவிடக் கூடாது என்று நினைக்கிறவர். அவர் ஏன் இதைத் துடைக்கிறார்? நான் கத்துவதா, கையெடுத்துக் கும்பிடுவதா? சத்தியமாக எனக்குப் புரியவில்லை.

அதற்குள் காவ்யா வந்துவிட்டாள். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "போச்சு சித்தி... எல்லாம் போச்சு."

மாமாவின் முகம் சுருங்கியது. "தொடைச்சித்தான பாப்பா வெச்சன்..." என்றார். பத்து நாளில் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

காவ்யா குனிந்தாள். கவசத்தைத் தூக்கி வெயிலில் பிடித்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

நார் பட்ட மேடெல்லாம் வெள்ளி தெரிந்தது. நார் நுழையாத பள்ளங்களில் கறுப்பும் செம்மண்ணும் அப்படியே தங்கியிருந்தன. மாமாவின் கை அழுந்திய பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. காலையிலிருந்து நாங்கள் பூசியது வெறும் அழுக்கு. இப்போதோ, யாரோ ஒருவர் வருஷக்கணக்காகப் போட்டுக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் துடைத்து வைத்த கவசம் மாதிரி இருந்தது. சண்டைக்குப் போகிறவன் தன் உயிரைக் காக்கிற பொருளைத் துடைக்காமலா வைத்திருப்பான்? இது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லையே!

"சித்தி, அந்த வார்னிஷ எடுங்க" என்றாள் காவ்யா. குங்குமத்தை அழிக்கப் போன கை நின்றது. அதன் மேலேயே வார்னிஷ் அடித்தாள்.

இன்டர்வியூவில் ஒரு அம்மா கவசத்தை ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்தாராம். "எல்லாரும் குப்பையில கெடந்த மாதிரி கொண்டு வருவாங்க. இது ஒரு வீட்டுல இருந்த மாதிரி இருக்கே, எப்படிம்மா செஞ்சே?" என்று கேட்டாராம். இந்தப் பெண்ணுக்குப் பொய் வராது. "நாங்க அழுக்காக்குனோம். எங்கப்பா கழுவுனாரு" என்றாளாம். வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

போனில் அவள் இதைச் சொன்னபோது நானும் அக்கா வீட்டில்தான் இருந்தேன். மாமா போனை வாங்கினார். "கழுவாம எடுத்துக்கினு போயிருந்தா?"

"கெடச்சிருக்காதுப்பா."

போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடி எடுத்து உதறினார். சிரிக்கிறாரா, அழப்போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் மெதுவாக என்னிடம் வந்து கேட்டார்.

"அப்ப... எம்பொண்ண மெட்ராசுக்கு நானேதான் அனுப்பி வெச்சிட்டனாம்மா?"

"ஆமாங்க மாமா" என்றேன்.