அலமாரிமேல் இருந்த வுகாஷின்

வாலியெவோ நகரப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற வுகாஷினுக்கு உலகத்தில் ஒரே ஓர் எதிரிதான். அவனும் வுகாஷின்தான்.

மனைவி தெசாங்காவுக்கு மறதி நோய் முற்றிக்கொண்டு வந்தது. பெல்கிரேடிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்த யாஸ்னா, ரொட்டி அளவில் ஒரு பேசும் பெட்டியைச் சமையலறை அலமாரிமேல் வைத்தாள். மாத்திரை, தண்ணீர், அடுப்பு என்று வேளைக்கு வேளை அது நினைவூட்டும். வீட்டு ஆளின் குரலில் சொன்னால் நோயாளி கேட்பார் என்பது அவர்கள் கணக்கு. வுகாஷினும் தொண்டையைச் செருமிக்கொண்டு, பேருந்து கிளம்பப்போகிற தோரணையில் அத்தனையையும் பேசிப் பதிவு செய்து கொடுத்தார்.

கணக்கு பலித்தது. பலித்ததுதான் வினை. பெட்டி சொன்னால் தெசாங்கா மறுபேச்சில்லாமல் மாத்திரை போட்டாள். ஆனால் புருஷன் அலமாரிமேல் இருக்கிறான் என்று ஆகிவிட்டால், மேசையருகே உட்கார்ந்திருக்கும் இந்த வழுக்கைத் தலையர் யார்? யாரோ விருந்தாளி. வந்தவருக்குப் பழப்பாகு கொடுக்காமல் விட்டால் அவள் வாலியெவோக்காரியா? தினமும் தட்டில் பிளம் பழப்பாகு, ஒரு கரண்டி, பக்கத்தில் தண்ணீர்.

"எடுத்துக்கங்க ஐயா. கூச்சப்படாதீங்க."

அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவள் தன்னை ஒரே ஒரு தரம் அடையாளம் கண்டுகொண்டால் போதும் என்று ஏங்கினார். ஏங்கிக்கொண்டே பாகை விழுங்கினார்.

ஒருநாள் அவர் காதுபடவே பெட்டியிடம் புகார் போனது.

"வுகாஷின், இந்த ஆளு எப்பதான் கெளம்புவாரு? மூணு வேளையும் இங்கதான் கொட்டிக்கிறாரு."

"தெசாங்கா, தண்ணி குடி," என்றது பெட்டி.

"குடிக்கிறேன். நீ பேச்ச மாத்தாத."

வுகாஷின் யாஸ்னாவுக்குப் போன் போட்டார். "ஏம்மா, இந்த வீட்ல ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"எவன் மாமா?"

"நான்தாம்மா."

யாஸ்னா வந்து பெட்டியைக் கழற்றினாள். அவள் கிளம்புவதற்குள் அடுத்த மாத்திரை வேளை வந்தது. அலமாரி வாய் திறக்கவில்லை. தெசாங்கா அண்ணாந்து பார்த்துக் கையைப் பிசைந்தாள். "எங்க போனான் இந்த மனுஷன்?"

அவசரப்பட்டுவிட்டோமே என்று வுகாஷின் தலையில் அடித்துக்கொண்டார். வேறு வழி தெரியாமல் அலமாரியடியில் போய் நின்று, பேருந்து நிலையக் குரலை எடுத்தார்.

"தெசாங்கா, மாத்திரை நேரம். மாத்திரையப் போட்டுக்க."

அவள் பார்வை மெல்ல இறங்கி, அவர் வாயில் வந்து நின்றது. பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பாகுத் தட்டை எடுத்து வந்தாள். யாஸ்னா ஒரு கரண்டி எடுத்துக்கொண்டாள். பழக்கதோஷத்தில் வுகாஷினும் கை நீட்டினார். புறங்கையில் பளீரென்று ஓர் அடி விழுந்தது.

"இது விருந்தாளிக்கு. ஒடம்புல சர்க்கரைய வச்சிக்கிட்டு ஒனக்கு எதுக்குப் பாகு?"

நாளைக்கே மறந்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் அன்று மாலை தெருவில் கண்டவர்களிடமெல்லாம் சிவந்த கையைக் காட்டி, பெண்டாட்டி அடித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.