நைனாவை எருமையாக வரைந்தேன்

எங்கள் வீட்டில் நான் ஆடு, அம்மா கோழி, தம்பி காக்கா, நைனா எருமை. திட்டுவதற்காகச் சொல்லவில்லை, சத்தியமாக. எனக்கு மனித முகம் வரைய வராது. சின்ன வயதில் அம்மாவை வரைந்தால் அத்தை மாதிரி வரும், தம்பியை வரைந்தால் யார் மாதிரியும் வராது. ஒரு நாள் ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு ஆடு புதுப்படப் போஸ்டரைத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். அது தின்றது பசைக்காகத்தான். ஆனால் ஹீரோவின் தாடையில் ஆரம்பித்து, மீசை, மூக்கு என்று வரிசையாக மேலே போனது. ரசிகர்கள் இரண்டு பேர் கல்லெடுத்து விரட்டினார்கள். அது போய்விட்டுத் திரும்பி வந்து, கண்ணையும் முடித்துவிட்டுத்தான் நகர்ந்தது. அப்படி ஒரு பிடிவாதம். அன்றைக்கே அந்த ஆடு நான்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மற்றவர்களுக்கும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. நான் ஓவியம் படிக்கக் கல்லூரிக்குப் போனவள் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ராயபுரத்துச் சுவர்கள்தான். போஸ்டரில் தீப்பிழம்புக்கு எந்த மஞ்சள், வில்லன் முகத்துக்கு எந்தப் பச்சை, தலைப்பு எழுத்தில் எங்கே ரத்தம் சொட்ட வேண்டும் என்பதெல்லாம் பள்ளிக்கு நடந்துபோகும்போதே பாடமாகிவிட்டது. வார நாட்களில் ஒரு கம்பெனியில் கன்டெய்னர் நம்பர்களைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் நிழலுக்குத் தார்ப்பாய் கட்டி, வராத படங்களுக்குப் போஸ்டர் வரைகிறேன். ஷேர் ஆட்டோ மேல் சூலத்தோடு ஏறி நின்று, சாமிப் படத்தில் வருகிற மாதிரி கண்ணை உருட்டுகிற கோழி. கழுத்தில் கனமான செயின் போட்டு மைக் பிடித்துக் கானா பாடுகிற காக்கா. கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, பாதி போஸ்டரை வாயில் வைத்தபடி ஸ்லோ மோஷனில் நடந்து வருகிற ஆடு. இந்த மிருகங்கள் எல்லாம் யார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை. “இவளுக்கு வேற வேல இல்ல” என்பதோடு சரி.

போன வருஷம், நகரத்தின் தெற்குப் பக்கம் கேலரி நடத்தும் ஒரு அம்மாள் யாரோ அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு வீடு தேடி வந்தார். நான்கு படங்களை எடுத்துக்கொண்டார். ஒரு மாதக் கண்காட்சி. திறப்பு நாளன்று ஒரு யூடியூப் சேனல் பெண் மைக்கை நீட்டி, “இந்த எருமை யாருங்க, இவ்ளோ கெத்தா நிக்குது?” என்று கேட்டாள். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு, “அது எங்க நைனா” என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ எங்கள் தெருவில் எல்லா போனிலும் இருந்தது. நைனா வழக்கம்போல டீக்கடைக்குப் போனார். துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோஸ்துகள் நாலு பேர் அங்கே தினமும் குந்தியிருப்பார்கள். “வா எரும, இன்னா சாப்புட்றே, டீயா, புண்ணாக்கா?” என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்களாம். நைனா டீ குடிக்காமல் வீட்டுக்கு வந்தார். வேலையிலிருந்து வந்து நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“அந்தப் படத்த எடுத்துரு” என்றார்.

“நைனா, அவங்க சும்மா கலாய்க்கிறாங்க.”

“அவனுங்கள வுடு. உனுக்கு ஒண்ணு தெரியுமா? கப்பலுக்குள்ள எறங்கி மூட்ட தூக்குன ஒருத்தனுக்கும் பேரு கெடயாது. மேல ஏஜெண்டோட சூப்பர்வைசர் ஒருத்தன் நின்னுகினு கைய தட்டுவான். ஏய் எரும, இங்க வா. ஏய் எரும, அத்தத் தூக்கு. எத்தினி வருசம் தெரியுமா? நான் போவேன். ஏன் போனேன்? நீங்கோ துன்னணுமே. ஒரு நாளு வூட்ல வந்து சொல்லிகீறனா? இப்ப நீ அதயே கலர் அடிச்சி மாட்டி வச்சிகீறே.”

குரலை உயர்த்தவே இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாமல் போனது எவ்வளவு பெரிய வெட்கம்.

முகம் கழுவிக்கொண்டு வந்து கேலரி அம்மாளின் நம்பரை எடுத்தேன். எடுத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. விரல் வைக்கப் போனபோதுதான் கோபம் வந்தது. நைனா மேல் இல்லை, அந்த சூப்பர்வைசர் மேல். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தெரியாத ஒரு ஆள், எங்கள் வீட்டுக்குள் வந்து, எந்தப் படம் மாட்டலாம் எந்தப் படம் கூடாது என்று இன்னும் கை தட்டிச் சொல்கிறான். எருமை அவன் வீட்டுச் சொத்தா? மாதவரம் பக்கம் போனால் நான் நின்று எருமைகளைப் பார்ப்பேன். வெயில், மழை, லாரி ஹாரன் எதற்கும் முகம் மாறாது. கன்றுக்குட்டி பக்கம் ஒரு நாய் வந்தால் மட்டும் தலை குனியும், கொம்பு கீழே வரும். எங்களை அப்படித்தான் நைனா வளர்த்தார். அதனால்தான் அவர் எருமை. படத்தை இறக்கினால் அந்தச் சொல் அவனுடையது என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் காலை அவர் முன்னால் போய் நின்றேன். “உன்ன கேக்காம ஊருக்குச் சொன்னது தப்பு நைனா. காலுல வேணாலும் வுழறேன். வரைஞ்சது தப்பில்ல. நீ போன்ல கட்டைவிரல் அளவுக்குத்தான் பாத்துகீறே. நேர்ல வந்து பாரு. பாத்துட்டு எடுன்னு சொல்லு, அந்த நிமிசமே என் கையால எடுத்துட்றேன். பாக்காம சொன்னா எடுக்க மாட்டேன்.”

“நான் வர மாட்டேன்.”

“அப்ப அது அங்கியே கெடக்கட்டும்.”

அதன் பிறகு நைனா என்னோடு பேசவே இல்லை. நைனா சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். டீக்கடைக்குப் போகவில்லை. தினமும் காலையில் நான், “நைனா, இன்னிக்கு வர்றியா?” என்று கேட்பேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். நான் வேலைக்குப் போய்விடுவேன். ஆட்டுக்கும் எருமைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது பாவம் கோழிதான்.

“அது வேற யாரோன்னு ஒரு வார்த்த சொல்லேன்டி. வீடியோல தெரியாம சொல்ட்டேன்னு சொன்னா ஒன் வாயில இருக்கற முத்து கொட்டிடுமா?” என்றாள் அம்மா.

“பொய் சொல்ல மாட்டேன்.”

“ஒங்கப்பன் அப்படியே பொறந்துகீது.” கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பினாள். “ஆமா, நான் இன்னாவா கீறேன் அதுல?”

“கோழி. சாமி வந்த கோழி.”

“அப்ப சரி” என்றாள்.

கண்காட்சி முடிய ஒரே ஒரு ஞாயிறு பாக்கி இருந்தது. அன்று காலை நான் கேட்பதற்கு முன்பே நைனா முகச்சவரம் செய்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

“வா. அத்த எடுத்துட்டு வந்துர்லாம்.”

சொன்ன சொல் சொன்னதுதான். படத்தைச் சுருட்டி மூட ஒரு பழைய போர்வையையும் கட்டுவதற்குக் கயிற்றையும் பையில் போட்டுக்கொண்டேன். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினோம். அவர் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். இறங்கி ஆட்டோ பிடித்துக் கேலரிக்குப் போனோம். பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் சொன்னால் இறக்கித்தான் ஆக வேண்டும், அழக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன்.

உள்ளே ஏசி குளிருக்கு நைனா கையைக் கட்டிக்கொண்டார். முதலில் கோழி. நின்று பார்த்தார். “இது ஒங்கம்மா” என்றார். காக்காவைப் பார்த்துவிட்டு, “வேலவெட்டி இல்லாம பாடிகினு கீறான். ஒன் தம்பி” என்றார். ஆட்டின் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பெயர் சொல்லவில்லை, மூக்கால் ஒரு சத்தம் மட்டும் விட்டார். மூன்று வாரமாக என்னைப் பார்க்காதவர் ஓரக்கண்ணால் என்னை ஒரு முறை பார்த்தார்.

எருமை கடைசிச் சுவரில் தனியாக இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இரண்டடி. பின்னால் கிரேன்கள், புகை, போஸ்டர் மஞ்சளில் வெடிக்கிற வானம். கப்பலின் சரக்கு அறையை மூடும் இரும்பு மூடி மேல் லுங்கியை மடித்துக் கட்டி, மூட்டை தூக்கும் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, எருமை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கும். சூப்பர்வைசரைப் பற்றித் தெரியாத நாளிலேயே, மேலே நிற்க ஒருவனுக்கும் நான் இடம் வைத்திருக்கவில்லை. ஆட்டுக்குப் போட்ட மாதிரி இதற்குக் கூலிங் கிளாஸ் போடவில்லை. இடது புருவத்தில் ஒரு தழும்பு போட்டிருந்தேன். நான் பிறப்பதற்கு முன்பே கப்பலில் கம்பிக்கயிறு அறுந்து அடித்து நைனாவுக்கு வந்த தழும்பு. அதற்குக் கீழே பாதி மூடினாற்போல இருக்கிற அவருடைய கண்.

நைனா கட்டியிருந்த கையை அவிழ்த்தார். கிட்டே போனார். இன்னும் கிட்டே போனார். எடு என்று சொல்லப்போகிறார் என்று நான் பைக்குள் கையை விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையைத் தூக்கி எருமையின் புருவத்தில் வைத்தார். அந்தத் தழும்பை விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவினார்.

வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி வேகமாக வந்தார். “பெரியவரே, படத்தத் தொடக் கூடாது. கையை எடுத்துட்டுத் தள்ளி நில்லுங்க.”

நைனா திரும்பவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.

“எம் மூஞ்சிய நான் தொட்றேன். உனுக்கு இன்னாபா?”