"நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்"

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு பை சாத்துக்குடியும் வாயில் ஒரு கேள்வியுமாக வருகிறார்கள். செருப்பைக் கழற்றும்போதே அது ஆரம்பித்துவிடும். "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்?"

கேட்கப்படுகிறவர் என் கணவர். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுவருஷமே பக்கவாதம் வந்தது. கைகால் ஏறக்குறையச் சரியாகிவிட்டது. பெயர்கள் மட்டும் வாய்க்கு வருவதில்லை. எதிரே நிற்கிற ஆளைத் தெரியும், அவரோடு எப்போதோ சண்டை போட்டது தெரியும், சமாதானமானதும் தெரியும். பெயரைக் கேட்டால் உதடு அசையும், அவ்வளவுதான்.

வராதென்று தெரிந்துதான் கேட்கிறார்கள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கால் ஒடிந்தவரைப் பார்க்கப் போனால் எங்கே ஓடிக் காட்டுங்கள் என்றா சொல்கிறோம்? மூளை என்றால் மட்டும் ஆளாளுக்கு வாத்தியார் வேலை பார்க்க ஆசை வந்துவிடுகிறது. அவர் தடுமாறினால் என் பக்கம் திரும்பி, அவர் காதில் விழும்படியே, "பாவம், சுத்தமா மறந்துட்டாரு" என்பார்கள். பிறகு நிம்மதியாகக் காபி குடிப்பார்கள். சர்க்கரை போதவில்லை என்று சொன்ன மகராசிகளும் உண்டு.

ஒருநாள் வானகரத்திலிருந்து அவருடைய அத்தை மகள் வந்தாள். அதே கேள்வி. பொறுக்க முடியாமல் நான், "உங்க அத்தை பொண்ணுங்க" என்று எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னை அதட்டினாள். "நீ சொல்லாத. அவரே சொல்லட்டும்."

ஏதோ நான் பரீட்சையில் பிட்டு கொடுத்த மாதிரி! அவர் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கப்புறம் வாசலில் மணி அடித்தாலே உள்ளே போக ஆரம்பித்தார். நாலு பேர் சேர்ந்த இடத்தில் முதலில் கேட்கிற குரல் அவருடையதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் என்னிடம்கூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பக்கவாதம் விட்டுவைத்த பேச்சையும் விருந்தாளிகள் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். மனோதத்துவமும் படித்தவள். எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்: "ஞாபகத்துல போட்டு வெக்கறது ஒரு வேலை, அங்கேருந்து எடுக்கறது வேற வேலைம்மா. இவருக்கு டேங்க்ல தண்ணி இருக்கு, குழாய்லதான் அடைப்பு."

யாரென்று சொல் என்றால், ஒரு பிடியும் இல்லாமல் மனம் முழுக்கத் துழாவ வேண்டும். இருப்பதிலேயே கஷ்டமான வேலை அதுதானாம். நான் உன் அத்தை மகள் என்று வந்தவளே சொல்லிவிட்டால், ஆமாம் என்று அடையாளம் கண்டுகொண்டால் போதும். பெயரின் முதல் எழுத்து, பழகிய இடம், சேர்ந்து செய்த வேலை, எதைக் கொடுத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு மற்றது வரக்கூடும். சுற்றி நின்று எல்லோரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வருவதும் பயத்தில் நின்றுவிடும்.

அவள் சொன்னதை நான் ஏற்கெனவே கண்ணால் பார்த்திருந்தேன். தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரரை அந்த வண்டிக்குப் பக்கத்தில் பார்த்தால் சில நாள் பெயர் சொல்லியே கூப்பிடுவார். அதே மனிதர் துணியோடு வீட்டுக்கு வந்தால் விழிப்பார். பழகிய இடம் கூட இருந்தால் பெயரும் கூட வருகிறது.

கிளம்பும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். "நமக்கெல்லாம் ஞாபகம் ஒழுங்கா இருக்குன்னு நெனச்சிடாதீங்க. போட்டுப் பாக்கறதுக்கு அது வீடியோ இல்ல. ஒவ்வொரு தடவையும் மனசு புதுசா கட்டுது. நடுவுல ஓட்டை இருந்தா அதுவே அடைச்சுக்கும், அடைச்சது நமக்கே தெரியாது." அன்றைக்கு அது எனக்கு வேண்டாத விஷயமாகப் பட்டது.

இதற்கிடையில் எங்கள் ஒரே மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் குத்தம்பாக்கத்திலிருந்து தேதி பேச வந்திருந்தார்கள். சென்னீர்குப்பத்திலிருந்து என் கணவரின் அண்ணனும் வந்திருந்தார். மகள் காபித் தட்டோடு கூடத்துக்கு வந்த நேரம் பார்த்து அவர் தம்பியைக் கேட்டார்: "இன்னா நைனா, பொண்ணு பேரு இன்னா? சம்பந்திங்களுக்குச் சொல்லு, பாப்போம்."

விளையாட்டுக்குக் கேட்டாராம். என் கணவர் மகளைப் பார்த்தார். உதடு அசைந்தது. கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்தத் தட்டை வாங்கிக் கேட்டவர் மடியில் கவிழ்க்கலாம் போலிருந்தது. சம்பந்திகள் முன்னால் என்ன செய்வது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போனதும் அண்ணன் ஆரம்பித்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. நானும் என் ஊட்டுக்காரியும் மணையில உக்காந்து தாரை வாத்துக் குடுத்துடறோம். இவன் கீழ சேர்ல உக்காந்து பாக்கட்டும். ஐயரு எதுனா கேட்டு இவன் முழிச்சிகினு இருந்தா மானம் போய்டும்."

"யாரு மானம் மாமா?" என்றேன். "பெத்த அப்பா உயிரோட உக்காந்திருக்காரு. அவர கல்யாணத்துக்கு வந்த விருந்தாளியா ஆக்கச் சொல்றீங்களா?"

"நான் இன்னா வேத்தாளா? அன்னிக்கி நான் மட்டும் ஆட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போவலன்னா இவன் இன்னிக்கி கீறானா?"

பக்கவாதம் வந்த அன்று இவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. தூக்கிக்கொண்டு போனவர் பக்கத்து வீட்டுக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து என் கணவரோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவர். ஆட்டோவே கிடையாது, அவருடைய பழைய காரில்தான் போனோம். அண்ணன் வந்தது மறுநாள். வந்தவர் எல்லோரிடமும் விவரம் கேட்டு, கேட்டதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, சொன்ன கதைக்குள் தானே ஏறி உட்கார்ந்துவிட்டார். அதுவும் எப்படி! ஆட்டோக்காரனின் காக்கிச் சட்டை தோளில் கிழிந்திருந்தது வரைக்கும் சொல்கிறார். பொய் சொல்கிற முகமாகவும் அது இல்லை. மனதாரச் சொன்னார்.

அந்தப் பெண் வீடியோ இல்லை என்று சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் ஆத்திரம் இரண்டு மடங்கானது. நடக்காததை நடந்ததாகச் சொல்கிற இவருக்கு நல்ல ஞாபகசக்தி என்று பெயர். நடந்ததெல்லாம் உள்ளே இருந்தும் வெளியே எடுக்க வராதவருக்கு ஒன்றும் தெரியாதவர் என்று பெயர். முன்னவர் பின்னவருக்கு மார்க் போடுகிறார்! இது எந்த ஊர் நியாயம்?

நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"நீ வரல."

எல்லோரும் திரும்பினோம். என் கணவர் பக்கத்து வீட்டுச் சுவரைக் கைகாட்டினார். "அவரு... கார்ல. நீ வரல."

"இவனுக்கு இன்னா தெரியும்? மயக்கமா கெடந்தான்" என்றார் அண்ணன்.

"மயக்கமா இல்ல மாமா. கண்ணத் தொறந்துகிட்டு வழியெல்லாம் என் கையப் புடிச்சிகிட்டு வந்தாரு" என்றேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர் எதிரில் அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

மகள் சமையலறையிலிருந்து வந்து பெரியப்பா முன்னால் நின்றாள். "மணையில எங்கப்பாதான் உக்காருவாரு பெரியப்பா. என் பேரு அவருக்கு வரலன்னா நான் எடுத்துக் குடுக்கறேன். எனக்கு அந்தப் பேர வெச்சதே அவருதான்."

பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கல்யாணத்துக்கு வந்தார். முதல்நாள் இரவுப் பந்தியில் யாரிடமோ ஆட்டோ கதையைச் சொல்லிக்கொண்டிருந்ததாகவும் கேள்வி. நான் மண்டப வாசலிலேயே கணவரின் பக்கத்தில் நின்றேன். வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் "உங்ககூட கிரிக்கெட் ஆடுனவரு", "குவார்ட்டர்ஸ்ல நம்ம மாடி வீடு" என்று நானே சொன்னேன். அவர் சிரித்துக் கைகொடுத்தார். "நீ சொல்லாதம்மா" என்று ஒருவர் ஆரம்பித்தார். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று பந்தி இருந்த பக்கம் கைகாட்டினேன்.

மறுநாள் காலையில் மணையில் நானும் அவரும் உட்கார்ந்தோம், பக்கத்தில் மகள். தாரை வார்க்கும் நேரத்தில் ஐயர், "பொண்ணு பேர சொல்லுங்கோ" என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சொந்தபந்தம் மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. மகள் மாலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து அப்பா காதில் தன் பெயரைச் சொன்னாள்.

அவர் அதைச் சத்தமாகச் சொன்னார். இன்னொரு தடவை சொன்னார். மறுபடியும் சொன்னார்.

"ஒரு தடவ சொன்னா போதும் சார்" என்றார் ஐயர்.

அவர் நிறுத்தவில்லை.