கணக்குத் துரையும் மழைக் கொழுந்தும்

கணக்கு எழுதுகிறவன், கணக்கைச் சந்தேகப்படுகிறவன் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். எங்கள் தொழிலில் இதைத் தவிர வேறு சட்டம் கிடையாது. ராத்திரி முழுக்க எழுதிவிட்டு, விடிந்ததும் யாரோ ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே ஜாதி.

நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் இருபது வருஷமாக இரவுக் கிளாக்கர். தோட்டத்தில் அதை ஸ்டோர் என்போம். உள்ளே வரும் பச்சைக் கொழுந்தையும், அது வாடி, காய்ந்து தேயிலையாக வெளியே போவதையும் நிறுத்து எழுதுவது என் வேலை. இடையில் தூக்கம் வராது, பகலிலும் வராது. பதுளைக் கடைவீதியில் பழைய புத்தகமாக வாங்கிய கணக்கியலைப் படித்தே பாதி ஆயுள் போயிற்று. பரீட்சை எதுவும் எழுதவில்லை. பரீட்சை பகலில் நடக்கும், அது கொழும்பில் நடக்கும்.

பெயர்ப் பலகை

தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்த பிறகு, எங்களையெல்லாம் மேய்ப்பதற்குப் பதுளை அலுவலகத்துக்கு ஒரு ‘பைனான்சியல் கொன்ட்ரோலர்’ வந்தார். வாய் வலிக்கும் என்று நாங்கள் ‘கணக்குத் துரை’ என்று வைத்துக்கொண்டோம். அதற்கு முன் கொழும்பில் இரும்புச் சாமான் கம்பெனியில் இருந்தவர். பத்து இறாத்தல் ஆணி வாங்கிப் பூட்டிவைத்தால், பத்து வருஷம் கழித்தும் பத்து இறாத்தல் ஆணியே இருக்கும். அந்த நிம்மதியில் வளர்ந்த மனுஷன்.

அவர் பெயருக்குப் பின்னால் அத்தனை பட்ட எழுத்துகள். பலகை அடிக்க வந்த தச்சாசாரி அறைக் கதவை அளந்தார், பெயர் எழுதிய தாளை அளந்தார், மறுபடி கதவை அளந்தார். பிறகு கேட்டார்: “கதவ அகலமாக்கட்டுங்களா, இல்ல பேரக் கொறைக்கிறீங்களா?”

ஆவிக்குக் கையெழுத்து

முதல் விஜயத்திலேயே என் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் திடுக்கிட்டார். ஒன்பதாயிரம் இறாத்தல் கொழுந்து உள்ளே போய், இரண்டாயிரம் இறாத்தல் தேயிலை வெளியே வந்திருக்கிறது. மிச்சம் ஏழாயிரம் எங்கே? “தண்ணீருங்க, ஆவியாப் போயிடும்” என்றேன். ஆவியாகப் போனதற்கு யார் கையெழுத்து வைத்தது என்று கேட்டார். சிரிக்கலாமா என்று பெரிய கிளாக்கர் சவரிமுத்துவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: நாலரை இறாத்தல் கொழுந்துக்கு ஓர் இறாத்தல் தேயிலை. வெயிலோ மழையோ, அதில் குறைந்தால் திருட்டு. இரண்டாவது கட்டளை: ஸ்டோர் வாசலைத் தாண்டும் எந்தப் பொருளும், வரும்போதும் போகும்போதும் நிறுத்துப் பதியப்பட வேண்டும். சவரிமுத்து அதைச் சுவரில் ஒட்டிவிட்டுச் சொன்னார்: “எழுதுறது நாம, தப்பக் கண்டுபிடிக்கிறது அவரு. தப்பே இல்லேன்னா அவருக்கு என்னங்க வேல?”

என் தகுதி

மார்கழி மழை பிடித்தது. மழையில் பறித்த கொழுந்து கூடையிலேயே தண்ணீர் சொட்டிக்கொண்டு வரும். தராசு அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கும். நாலரைக்கு ஒன்று என்பது ஐந்தரைக்கு ஒன்றாகிவிட்டது. பழி, மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட்டும் கருப்பையா தலையில் விழுந்தது. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவன் காம்பராவைச் சோதனை போட்டார்கள். அகப்பட்டது ஒரு பெட்டைக் கோழி. ஆனாலும் அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணை முடிந்ததும் காம்பராவையும் காலி பண்ணவேண்டுமாம். அவன், பெண்சாதி லெச்சுமி, மூன்று பிள்ளைகள். அந்தப் பத்தடி அறையை விட்டால் போக்கிடம் இல்லை.

மழையையும் எடையையும் நாள்வாரியாகப் போட்டு நாலு பக்கத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டு பதுளைக்குப் போனேன். என் வாழ்நாளில் எழுதியவற்றில் சுத்தமான எழுத்து அதுதான். கணக்குத் துரை ஒரு வரியும் படிக்காமல் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார். அடியில் என் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடினார். பிறகு காகிதத்தைத் தள்ளிவிட்டார்: “கணக்குப் படிக்காத ஆள் கணக்கைப் பற்றி எழுதினால், அதை நான் எந்த ஃபைலில் போடுகிறது?”

கோட்டு

விசாரணைக்கு முந்தின மாலை அவர் தோட்டத்துக்கு வந்தார். பாதி வழியில் மண்சரிவு. காரை விட்டுவிட்டு இரண்டு மைல் மழையில் நடந்து ஸ்டோருக்குள் ஏறினார். கம்பளிக் கோட்டைக் கழற்றி, தேயிலை காய்கிற அடுப்புப் பக்கம் தொங்கவிடச் சொல்லிவிட்டு பங்களாவுக்குப் போய்விட்டார். எனக்குச் சுவரில் ஒட்டிய சுற்றறிக்கை ஞாபகம் வந்தது. கட்டளை என்றால் கட்டளைதானே? கோட்டை நிறுத்தேன். எட்டு இறாத்தல். பதிந்தேன்.

காலையில் ஸ்டோர் அறையில் விசாரணை. கருப்பையா கையைக் கட்டிக்கொண்டு, “மழைங்க தொரை, மழைதாங்க” என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. மழைக்கெல்லாம் கணக்கில் இடம் கிடையாது என்று தீர்ப்பை எழுதப் பேனாவைத் திறந்த துரை, குளிருகிறது, கோட்டைக் கொண்டு வா என்றார். நிறுத்து, பதிந்து, கோட்டோடு புத்தகத்தையும் நீட்டினேன். “ஒங்களோட வெளியே போகப்போகுதுங்க, கையெழுத்து வேணும். வந்தது எட்டு, போறது அஞ்சு.”

அவர் புத்தகத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அங்கே சுற்றறிக்கையின் கீழே அவருடைய கையெழுத்தேதான். வாசலில் கூடையோடு நின்ற லெச்சுமிதான் கேட்டாள்: “ஐயா கோட்டுல மூணு இறாத்தலக் காணலீங்களே, அதையும் எங்க காம்பராவுலதான் தேடப் போறீங்களா?”

புதுப் புத்தகம்

பேனா மூடப்பட்டது. கருப்பையா அன்று மாலையே மாடி ஏறினான். தப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை, சுற்றறிக்கைதான் வந்தது. ‘ஈரக் கழிவுப் பதிவேடு’ என்று புதிதாக ஒன்றை நான் தினமும் எழுத வேண்டும். கண்டுபிடித்தவர் என்று கொழும்பு அவரைப் பாராட்டி, பெரிய பதவிக் கதிரைக்குக் கூப்பிட்டுக்கொண்டது. செய்தியைக் கேட்ட கருப்பையா, கொழுந்தைப் பரப்பிக்கொண்டே சொன்னான்: “போகட்டுங்க கிளாக்கரய்யா, அங்கயும் மழ பெய்யுந்தானே.”

நிதிக் கட்டுப்பாட்டாளர் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் போடும்போதெல்லாம் தகுதிகளை வரிசை வரிசையாக அடுக்குகிறார்கள். ஒரு நாளாவது மழையில் நனைந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் இன்னும் யாரும் சேர்க்கவில்லை.