ஆறு பிள்ளைகளுக்கு மறு ஊசி

செலினா நர்ஸுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பஸ்ஸில் சீட்டுக் கிடைத்தாலும் பாதி வழியில் எழுந்து நின்றுகொள்வாள். கோயிலில் பிரசங்கம் நீண்டால் கைப்பையைத் திறந்து இரும்புச்சத்து மாத்திரை அட்டைகளை அடுக்க ஆரம்பித்துவிடுவாள். "ஒனக்கு மோட்சம் குடுத்தாலும் அங்க குந்த மாட்டே. எந்தப் புள்ளைக்கு ஊசி பாக்கின்னு தேடிகினு திரிவே" என்பான் புருஷன் பிலவேந்திரன்.

நைனார்பாளையத்தில் பிறந்து கள்ளக்குறிச்சியில் வாக்கப்பட்டவள். இருபத்திரண்டு வருஷமாகக் கிராம சுகாதார செவிலியர். மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. புதன்கிழமையானால் தோளில் தடுப்பூசிப் பெட்டியை மாட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்கு ஏறவேண்டும். பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து கடுக்காப்பட்டுக்கு ஒரு மணி நேர நடை. அந்த ஊரை அவள் சுலபமாகப் பிடித்துவிடவில்லை. அவளுக்கு முன்னால் வந்த நர்ஸ் போட்ட ஊசியில் அந்த ஊர் ரங்கம்மாள் என்பவளின் மூத்த பிள்ளைக்குத் தொடை வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. அதிலிருந்து பெட்டியைக் கண்டாலே ஊர்ப்பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். செலினா இரண்டு வருஷம் ஊசி போடாமலேயே போய்வந்தாள். பிள்ளைகளுக்கு எடை பார்த்தாள், சொறி சிரங்குக்கு மருந்து தடவினாள், அவர்கள் கொடுத்த வரக்காப்பியைக் குடித்தாள். கடைசியில் ரங்கம்மாள்தான் மனம் இறங்கித் தன் இரண்டாவது பிள்ளையை மடியில் நீட்டினாள். "நர்சம்மா கையி நல்ல கையி" என்று அவள் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஊரே வந்தது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் தடுப்பூசிப் புதனும் வருஷா வருஷம் ஒன்றோடொன்று மோதும். வழக்கமாகச் சாயங்காலப் பூசைக்குப் போய்ச் சாம்பல் வாங்கிக்கொள்வாள். இந்த வருஷம் சாயங்காலம் சாமியார் கிளைக்கோயிலுக்குப் போகிறார் என்று அறிவித்துவிட்டார்கள். காலை ஆறு மணிப் பூசை ஒன்றுதான். சாம்பல் வாங்காமல் தவக்காலத்தைத் தொடங்க அவளுக்கு மனசு வரவில்லை. போனாள். வரிசை அன்றைக்கென்று வாசல்வரை நின்றது. நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு ஓட்டமாக ஓடிப் பஸ் பிடித்துச் சுகாதார நிலையத்தில் இறங்கியபோது மணி எட்டைத் தாண்டிவிட்டது. எட்டே காலுக்கு மலை பஸ்.

தடுப்பூசிப் பெட்டியில் நாலு பக்கமும், பிளாஸ்டிக்கில் தண்ணீர் அடைத்து உறையவைத்த ஐஸ் பாளம் வைப்பார்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் அதை அப்படியே வைக்கக்கூடாது. மேசைமேல் பரப்பி வைத்து, அது வேர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் ததும்பும் சத்தம் கேட்டபிறகுதான் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பக்கத்திலிருக்கும் மருந்து உறைந்துவிடும். உறைந்த மருந்து இளகினாலும் செத்த மருந்துதான். இதைப் புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே செலினாதான். அவள் அன்றைக்கு ஐஸைக் கல்லாகவே எடுத்து வைத்து, நடுவில் மருந்துக் குப்பிகளைச் செருகி, மூடியை அழுத்தினாள். போவதற்குள் இளகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடுக்காப்பட்டில் புளி சீசன். களத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டையால் புளியம்பழத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ரங்கம்மாள் மூன்றாவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"நெத்தியில இன்னாங்க நர்சம்மா, கரியா?"

"சாம்பலு. செஞ்ச தப்ப ஒத்துக்கறேன்னு வெச்சிக்கறது."

"நீங்க இன்னாங்க தப்பு செஞ்சிப்புடப் போறீங்க!" என்று ரங்கம்மாள் சொல்ல, களமே சிரித்தது. செலினாவும் சிரித்தாள்.

ஐந்து நோய்க்கு ஒரே ஊசியாகப் போடும் பென்டா மருந்து. முதல் குப்பியை எடுத்தபோது விரல் அதில் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். கொஞ்ச நேரம் உருட்டினாள். பிறகு அதிலிருந்தே, வந்திருந்த ஆறு பிள்ளைகளுக்கும் போட்டு முடித்தாள்.

தாய்மார்கள் வீட்டுக்குப் போனபிறகு பெட்டியைக் கட்டும்போதுதான் திறக்காத இரண்டாவது குப்பி கைக்கு வந்தது. சாய்த்துப் பார்த்தாள், மருந்து அசையவில்லை, கட்டியாக நின்றது. முதல் குப்பியைக் குலுக்கித் தரையில் வைத்தாள். நல்ல மருந்து வெகுநேரம் பால்போலக் கலங்கியிருக்கும். இது கண் பார்க்கப் பார்க்கத் துகள் துகளாக அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். எல்லா வீடும் கூப்பிடு தூரம்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இறங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. துவைத்த துணியையே மறுபடி ஊறவைத்தாள். மறுநாள் காலை முதல் வேலையாக மேற்பார்வை நர்ஸ் செந்தமிழ்ச்செல்வியைத் தேடிப் போனாள். அவள் நல்லவள்தான், அதுதான் வம்பே.

"கம்முனு இரு செலினா. அடுத்த மாசம் ரெண்டாவது ஊசி போடத்தானே போறே, அதுல சரியாப்பூடும்."

"மேல ரெண்டு ஊரு தள்ளி ஒரு கொழந்தைக்கிக் கக்குவான் இருமலுன்னு தகவல் வந்துகீதுக்கா. ஒரு மாசம் இதுங்க வெறும் ஒடம்போட இருக்கணுமே."

"சரி, போய் ஊசி கெட்டுப்போச்சுன்னு சொல்லு. அந்த ஊருல இனிமே ஒரு புள்ளைக்கி ஊசி போட்டுருவியா? ஆறு புள்ளைக்காக அம்பது புள்ளைய வுட்டுருவியா? யோசிச்சிப் பாரு."

செலினா யோசித்தாள். அதில் இருந்த நியாயம்தான் அவளை அதிகமாக வதைத்தது. பொய் சொல் என்று பிசாசு வந்து சொல்லியிருந்தால் சிலுவை போட்டுத் துரத்தியிருப்பாள். பிள்ளைகளின் நன்மைக்காகச் சொல்லாதே என்று தோழி சொல்கிறாள். போதாததற்கு அந்த ஆறு பேரின் பெயருக்கு நேரே போட்டாயிற்று என்று செலினாவே செல்போன் வழியாக ஆபீஸ் பதிவில் ஏற்றியுமாயிற்று. ஊருக்கு, ஆபீசுக்கு, அரசாங்கத்துக்கு எல்லாம் அந்தப் பிள்ளைகள் பத்திரம். சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாமா என்றும் நினைத்தாள். அவர் மன்னிப்புக் கொடுப்பார், அவள் பாரம் இறங்கும், பிள்ளைகளின் தொடையில் செத்த மருந்து அப்படியே இருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை. ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் பதினாலு படங்கள், பதினாலு ஸ்தலங்கள்; ஒவ்வொன்றுக்கும் எழுந்து எழுந்து முழங்காலிடவேண்டும். உட்காரத் தெரியாதவளுக்கு ஏற்ற பக்தி. ஏழு ஸ்தலம் வரை வாய் செபத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. எட்டாவது ஸ்தலத்தில் ஆண்டவர் தமக்காக அழும் எருசலேம் பெண்களைப் பார்த்து, 'எனக்காக அழவேண்டாம், உங்கள் பிள்ளைகளுக்காக அழுங்கள்' என்கிறார். படத்தில் ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு இருந்தாள். எத்தனையோ வருஷமாகப் பார்த்த படம். செலினா முழங்காலிடவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பின்னாலேயே வந்த பிலவேந்திரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தாடையைச் சொறிந்தான்.

"வேல போயிடுமா?"

"தெரியல."

"மூணு நாளா நீ வூட்டுல நடக்கற நடைக்கி மலைக்கே ஏறி எறங்கிருக்கலாம். போய்ச் சொல்லிட்டு வா" என்றான்.

சனிக்கிழமை காலை சுகாதார நிலைய டாக்டர் ஜெயப்பிரகாஷ் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றாள். அவள் மகன் வயதுதான் அவருக்கு. கேட்டுவிட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டார். எழுதிக் கொடுங்கள், மெமோ வரும், அதற்குமேல் என் கையில் இல்லை என்றார். பிறகு, "திரும்பப் போடறதுல ஆபத்து ஒண்ணுமில்லம்மா. போடாம வுடறதுலதான் இருக்குது" என்று புதுக்குப்பி எடுத்துக்கொள்ள உத்தரவு எழுதினார். செலினா ஐஸைப் பரப்பி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். எட்டே கால் பஸ் போயிற்று. ஐஸ் வேர்க்கும்வரை எழுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாகக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைத்தாள்.

புதன் அல்லாத நாளில் நர்ஸைப் பார்த்ததும் புளி தட்டும் சத்தம் குறைந்தது. ஆறு தாய்மாரும் அங்கேயே இருந்தார்கள். செலினா தண்ணீர்கூடக் கேட்காமல், நின்றபடியே சொன்னாள். புதன்கிழமை போட்ட மருந்து உறைந்து செத்துப்போன மருந்து; ஐஸை வேர்க்க விடாமல் வைத்தது தன் தப்பு; அது பிள்ளைகளைக் காப்பாற்றாது; மறுபடி போடவேண்டும். நல்ல ஐஸையும் நல்ல மருந்தையும் ஆட்டி, குலுக்கிக் கண்டுபிடிக்கும் விதத்தையும் சொன்னாள்.

ஒருத்தி பிள்ளையின் தொடையைத் தடவிப் பார்த்தாள். மரத்தடியில் நின்றிருந்த சடையன் என்பவர், ஆறில் ஒரு குழந்தையின் தகப்பன், "எங்க புள்ளைங்கன்னா ஒங்களுக்கு அவ்ளோ எளக்காரமா? பொட்டிய எடுத்துகினு கெளம்பு" என்று கத்தினார். செலினா நகரவில்லை. ரங்கம்மாள் மட்டும் புளியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கட்டையைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?"

இத்தனை வருஷத்தில் 'ங்க' போடாமல் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. தெரியாது என்று சொல்லிவிடலாம். ஊசி போடும்போது தெரியாது, பிறகுதான் தெரிந்தது; முக்கால்வாசி உண்மைதான். அந்த ஒரு வார்த்தையில் களம் முழுக்கத் தணிந்துவிடும் என்று செலினாவுக்குத் தெரிந்தது. வாய்வரை வந்தது.

"கையில எடுக்கறப்பவே ஐஸ் மாதிரி இருந்துச்சி" என்றாள். "சந்தேகம் வந்துச்சி. கையில வெச்சி உருட்டினுதான் போட்டேன். போட்டப்புறம் நல்லாவே தெரிஞ்சிபோச்சி. சொல்லாமப் பூட்டேன்."

ரங்கம்மாள் எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். களத்தில் புளியும் கோதும் செலினாவும் மிஞ்சினார்கள். பெட்டியை நிழலுக்கு நகர்த்தினாள். வெயில் திரும்பத் திரும்ப அதையும் நகர்த்திக்கொண்டே, தானும் நகர்ந்துகொண்டே இருந்தாள். செந்தமிழ்ச்செல்வி சொன்னது நடந்துவிட்டது. இந்த ஊரை நாமே கட்டி நாமே உடைத்துவிட்டோம் என்று அழுதாள்; அழுதுகொண்டே கடைசி பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்றும் பார்த்தாள்.

கதவு திறந்தது. ரங்கம்மாள் பிள்ளையோடு வந்து எதிரில் குந்தினாள்.

"பொட்டியத் தொற."

திறந்தாள். ரங்கம்மாள் தானே கைவிட்டு ஐஸ் பாளத்தை எடுத்து ஆட்டினாள், தண்ணீர் ததும்பியது. குப்பியை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சாய்த்தாள்; மருந்து ஓடியது. குலுக்கித் தரையில் வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை குடித்து முடித்து ஏப்பம் விட்டது. குப்பியில் மருந்து பால்போலக் கலங்கியபடியே இருந்தது.

"போடு" என்றாள்.

அவளைப் பார்த்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களும் குப்பியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைக் கொடுத்தார்கள். சடையன் வரவில்லை. இன்னொரு வீட்டில் கதவு திறக்கவேயில்லை. அந்த இரண்டு பிள்ளைகளின் பெயருக்கு நேரே ஏற்றியிருந்ததைத் திருத்தி, 'போடவில்லை' என்று குறித்துக்கொண்டு செலினா பெட்டியைக் கட்டினாள். ஒற்றையடிப் பாதையில் பாதி தூரம் இறங்கியதும் மேலேயிருந்து ரங்கம்மாளின் குரல் வந்தது.

"புதங்கெழம வருவியா?"

"வருவேன்."

"பொட்டிய இனிமே நாந்தான் தொறப்பேன்."

"நீயே தொற" என்று கத்திவிட்டுச் செலினா நடந்தாள். புதன்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த இரண்டு பிள்ளைகளுக்காகத் திங்கட்கிழமையே ஒருதரம் ஏறிப் பார்ப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.