வழிகாட்டிக்கு இலவசம்

"நீங்க முழு டிக்கெட் வாங்கினா ஊரே சிரிக்கும்," என்று அவர் கையிலிருந்த பர்ஸை வாங்கி அவர் சட்டைப் பையிலேயே திணித்தாள் மனைவி. "உங்க ஓசி டிக்கெட்டுல நான் போறேன். நீங்க பாக்காத டவரா?"

"ரெண்டு பேரும் போவோம். இன்னிக்கு ஒரு நாள்."

"நாளைக்கு ஆஸ்பத்திரில பணம் கட்டணும். ஞாபகம் இருக்கா?"

பத்துப் பேரைக் கூட்டி வந்தால் வழிகாட்டியான அவருக்கு ஒரு டிக்கெட் இலவசம். அந்தப் பத்துப் பேரும் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வரிசையில் நின்றார்கள். கவுண்டர்காரன் எட்டிப் பார்த்தான். "பாதிவிலையண்ணே, யாராவது ஒருத்தர் போங்க. லிஃப்ட் நிக்குது."

உட்கார்ந்தாலே காசு கேட்கிற நகரம் அது. அருங்காட்சியகம் எந்த மாலையில் இலவசம், எந்த அலுவலகக் கேன்டீனில் சிப்பந்திகள் சாப்பிட்டு முடித்தபின் வெளியாளுக்கும் சோறு போடுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சுற்றுலாப் படகும் வேலைக்குப் போகிறவர்களின் படகும் ஒரே பாலத்துக்கு அடியில்தான் போகின்றன என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். பாதிவிலை என்ற பட்டப்பெயர் அவருக்கு அப்படி வந்தது. கூட்டி வருகிறவர்கள் அவர் வீட்டு முன்னறையில் அடுக்குக் கட்டில்களில் தூங்குவார்கள். புருஷனும் மனைவியும் அடுப்பைத் தள்ளி வைத்துவிட்டுச் சமையலறையில் படுப்பார்கள். சமையல், துவையல் எல்லாம் அவள். சாயங்காலம் திரும்பி வருகிறவர்கள் ஷூவைக் கழற்றிக்கொண்டே பார்த்ததைச் சொல்வார்கள்.

"குடுத்து வெச்சவங்கக்கா நீங்க. இந்த ஊர்லயே இருக்கீங்க."

"ஆமா, உங்களுக்குப் படுக்கை விரிக்கக் குடுத்து வெச்சிருக்கேன்."

அவளுக்கு இடது கண் எப்போதோ போய்விட்டது. இப்போது வலது கண்ணில் கட்டி. கண்ணையே எடுத்தாக வேண்டும். நாளைக்கு ஆபரேஷன். பார்க்க வேண்டியது ஏதாவது இருந்தால் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது அவள் யோசிக்கவே இல்லை. ஊரை ஒரு தரம் மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்றாள்.

அவர் விட்டுக்கொடுத்தார். முழு விலை கொடுக்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய். கை எழவில்லை. குழுவில் பையனோடு வந்திருந்த ஒரு பெண்ணிடம் மனைவியின் கையைப் பிடித்துக் கொடுத்தார்.

"விட்டுடாதம்மா. மங்கலாத்தான் தெரியும். மேற்கு ஜன்னல்கிட்ட நிறுத்து. ஆறு தெரியும்."

"நான் பாத்துக்கறேண்ணே."

கீழே நின்றார். தெரு விளக்குகள் எரியத் தொடங்கின. பிறகு லிஃப்ட் திறந்து அவள் வெளியே வந்தாள். அவர் கேட்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, என்ன வெளிச்சம்! ஆறு நீலமாக் கெடக்கு. கட்டடத்து மேலெல்லாம் வெயிலு. நடுவுல ஒரு வெள்ளைப் படகு, அசையவே இல்ல. நானும் விடாம பாத்தேன், அதுவும் அப்படியே நிக்குது."

அவர் அண்ணாந்து பார்த்தார். வானம் இருட்டிவிட்டிருந்தது.

மேலே, லிஃப்டுக்கு நேர் எதிரே, சுவர் முழுக்க ஒரு புகைப்படம் உண்டு. பகலில் எடுத்த நகரம். பின்னால் விளக்குப் போட்டிருப்பார்கள். அதன்முன் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்தப் பெண்ணைத் தனியே அழைத்தார். "மேற்குப் பக்கம் கூட்டிட்டுப் போனியாம்மா?"

"பையன் ஓடிட்டாண்ணே. பிடிச்சுட்டு வந்து பாத்தா, அக்கா லிஃப்ட்ட விட்டு எறங்கின எடத்துலயே நிக்கறாங்க. அவ்வளவு சந்தோஷமாப் பாத்துட்டு இருந்தாங்க. இழுக்க மனசு வரல."

கவுண்டருக்கு ஓடினார். இரண்டு முழு டிக்கெட்.

"என்னண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று சிரித்தான் கவுண்டர்காரன். "சீக்கிரம், இதான் கடைசி லிஃப்ட்."

திரும்பி வந்தபோது அவள் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல. இனிமே தொறக்கப் போறதில்ல. கடைசியாப் பாத்தது அதுவாவே இருக்கட்டும். வீடு வரைக்கும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க."

"இன்னொரு தடவை போய் ஜன்னல்ல..."

"போதுங்க. வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கு."

லிஃப்டின் கதவு மூடிக்கொண்டது.

"அந்தப் படகுல ஆளுங்க இருந்தாங்களா? எனக்குத் தெரியல."

"இருந்தாங்க," என்றார். "ரெண்டு பேரு. ஒருத்தன் தொப்பி போட்டிருப்பான்."

பஸ்ஸில் ஏறும்போது படியில் முழங்கால் இடித்தது. அப்போதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பணம் கட்டினார். மத்தியானம் டாக்டர் வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். கட்டுப் போட்டிருந்தது. தாகம் என்றாள். இப்போது தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றாள் நர்ஸ். மனைவி தூங்கியபின் வீட்டுக்கு வந்தார். மழை பெய்தது. சாயங்காலம் புதிதாக நாலு பேர் வந்தார்கள். கடையில் வாங்கிய ரொட்டியைக் கொடுத்தார். டவருக்கு எப்போது போவோம் என்று கேட்டார்கள். சனிக்கிழமை என்றார்.