நான் வைத்த இரும்பு ஊசி

இரண்டு வருடம் நான் தொலைக்காட்சியில் நிபுணராக இருந்தேன். அப்போது என்னைத் தெரியாதவர்கள் ஜொகூர் பாருவில் குறைவு. சாப்பாட்டுக் கடையில் தேநீர் ஆற்றுபவர்கூட, "இவரு டீவில வராரே, பழைய சாமான் சார்" என்று அடுத்த மேசைக்குச் சொல்வார். அது எனக்குப் பிடித்திருந்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பழைய சாமான் கடை இருக்கிறது. பித்தளை விளக்கு, தேக்கு அலமாரி, ரப்பர் தோட்டத்துப் பால்வாளி போன்றவற்றைக் கையில் எடுத்தால் எந்தக் காலத்துப் பொருள் என்று ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவேன். கிராமபோன் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் மக்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பழைய பொருள்களைப் பார்த்து வரலாறும் மதிப்பும் சொல்லும் அந்த நிகழ்ச்சிக்கு, நாலு பேர் வந்தால் ஒருவர் கிராமபோனோடு வந்தார். தயாரிப்பாளர் ஒரு இளம்பெண், கெட்டிக்காரி. முதல் நாளே என்னிடம் சொன்னாள்:

"அங்கிள், பேசிக்கிட்டே இருங்க. நீங்க வாய மூடுனா ஆளுங்க சேனல மாத்திடுவாங்க."

நான் பேசிக்கொண்டே இருந்தேன். பெட்டியின் விசையை அது முனகும்வரை முறுக்கினேன். இசைத்தட்டை ரொட்டி பிடிப்பது போல் கட்டைவிரலைப் பள்ளங்கள்மேல் அழுத்திப் பிடித்தேன். ஒரே ஊசியைப் பத்து தட்டுக்கு வைத்தேன். ஒருமுறை ஒரு பெரியவரின் தட்டில் பூஞ்சை படிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்து, "நேயர்களே, வீட்டுலயும் இப்படியே பண்ணலாம்" என்றேன். தட்டு பளபளத்தது. கேமராவுக்குத் தெரிந்தது அந்தப் பளபளப்புதான். பஞ்சில் ஒட்டிய கறுப்பு எனக்கு மட்டும் தெரிந்தது. அழுக்கு என்று நினைத்தேன், அல்லது நினைக்க விரும்பினேன்.

அந்த வாரமே பொந்தியானிலிருந்து ஒருவர் நிலையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஓய்வுபெற்ற வானொலித் தொழில்நுட்பர். பழைய தட்டுகள் அரக்கில் செய்யப்பட்டவை, ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும், நீங்கள் துடைத்தது அழுக்கை அல்ல, பாட்டை என்று எழுதியிருந்தார். தயாரிப்பாளர் அதை எனக்குக் காட்டினாள். நான் சிரித்தேன். "ஒரு ஆளுக்குப் பொழுது போகல-லா" என்றேன். அவளும் சிரித்தாள்.

அடுத்த மாதம் மாசாயில் ஒரு சமூக மண்டபத்தில் படப்பிடிப்பு. அங்கேதான் அந்த அம்மா வந்தார்.

எழுபதை நெருங்கிய வயது. பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். ஒரு கையில் பெட்டி கிராமபோன். இன்னொரு கையில் துணிப்பை. பைக்குள் ஒரு உறை, உறைக்குள் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் தட்டு. அச்சிட்ட பெயர் இல்லை. நடுவில் மையால் ஏதோ எழுதி, மங்கிப்போயிருந்தது.

"இது பாட்டு இல்ல தம்பி. எங்கப்பா பேசுனது" என்றார்.

அவருடைய அப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் காசு போட்டால் நம் குரலைத் தட்டில் பதிந்து தரும் கூண்டு இருந்ததாம். அதில் நின்று பேசி, தட்டைத் தபாலில், குடும்பம் இருந்த தோட்டத்துக்கு அனுப்பியிருக்கிறார். இந்த அம்மாவுக்கு அப்போது மூன்று வயது. அதற்கடுத்த வருடம் அப்பா இறந்துவிட்டார். தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டுக் கிராமபோனில் இரண்டே தடவை அவருடைய தாயார் அதைக் கேட்டாராம். பிறகு உறையில் போட்டுப் பெட்டியடியில் வைத்துவிட்டார். தாய் இறந்தபின் இவரிடம் வந்தது. கிராமபோனை மட்டும் பின்னாளில் யாரிடமோ வாங்கியிருக்கிறார். தட்டை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

"பயம் தம்பி. கெட்டுப் போயிரும்னு. எப்படிப் போட்டா கெடாதுன்னு உங்கள மாதிரி ஆளக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அவர் கேட்டது இவ்வளவுதான். தட்டைப் போடச் சொல்லவில்லை.

தயாரிப்பாளர் என் காதருகே வந்து, "அங்கிள், இதான் இன்னிக்கு மெயின்" என்றாள். எனக்கும் அது தெரிந்துவிட்டது. விளக்குகளை அருகில் நகர்த்தினார்கள். என் சட்டைக் காலரில் ஒலிவாங்கியைச் சரிசெய்தார்கள்.

கேமரா ஓட ஆரம்பித்ததும் நான் தட்டை உறையிலிருந்து உருவினேன். கூடவே ஒரு சின்னத் தகர டப்பி விழுந்தது. திறந்தால் மூங்கில் சீவல்கள். "இது என்னம்மா, பல்லுகுத்தியா?" என்றேன். மண்டபத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவரும் கூச்சத்தோடு சிரித்தார். "ஊசி தம்பி. கிராணி குடுத்தாராம். இந்தத் தட்டுக்கு இரும்பு ஊசி வேணாம்னு அம்மா சொல்வாங்க."

"அதெல்லாம் அந்தக் காலத்து நம்பிக்கைம்மா" என்று சொல்லிவிட்டு, தட்டைச் சுழலவிட்டு, பெட்டியில் ஏற்கெனவே மாட்டியிருந்த இரும்பு ஊசியோடு கிராமபோனின் கையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேமராவைப் பார்த்துவிட்டு அடங்கிக்கொண்டார்.

முதலில் இரைச்சல். பிறகு ஒரு ஆணின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. நான் கைகளை விரித்து, "கேளுங்க நேயர்களே, கேளுங்க! அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க!" என்றேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கேமரா அவர் முகத்துக்குப் போனது. நான் இன்னும் ஏதேதோ பேசினேன். அப்போதுதான் ஊசிக்குப் பின்னால் ஒரு மெல்லிய கறுப்பு நூல் சுருள் சுருளாக எழும்புவதைப் பார்த்தேன். பென்சில் சீவும்போது எழுமே, அது மாதிரி. குரல் கரகரத்து இரைச்சலாக மாறியது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நிறுத்துங்க தம்பி. போதும்."

ஊசியை எடுத்தேன். தட்டில் பாதி தூரம்வரை சாம்பல் நிறத்தில் உழுதிருந்தது. கறுப்புச் சுருளை வாயால் ஊதித் தள்ளினேன். யாரும் பார்க்காதபடி ஊதினேன். அதனால்தான் எனக்குத் தெரியாமல் நடந்தது என்று இன்றுவரை என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"தட்டு ரொம்பப் பழசு பாருங்க" என்றேன் கேமராவிடம். எல்லாரும் கைதட்டினார்கள்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அழுத முகத்தை விளம்பரத்திலும் போட்டார்கள். அந்த வாரம் கடைக்கு வந்த நாலைந்து பேர், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். நான் நன்றி சொன்னேன். பொந்தியான்காரரிடமிருந்தும் மின்னஞ்சல் வந்தது. ஒரே வரி. "ஊசிக்குப் பின்னால் எழும்பியது என்ன என்று பார்த்தீர்களா?"

பதில் போட எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு படப்பிடிப்புக்குப் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கடைசியில் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விளக்கம்தான் சொன்னார். அந்த மாதிரித் தட்டில் மேலே இருப்பது வெறும் மெழுகு போன்ற பூச்சு. கிராமபோனின் கனமான தலையும் இரும்பு ஊசியும் அதைச் சீவி எடுத்துவிடும். மூங்கில் ஊசியும் நல்லதில்லை, ஆனால் இந்த அளவுக்குப் போகாது. மிச்சமிருக்கும் பாதியை லேசான முள்ளும் நல்ல கருவியும் வைத்து அவரால் பதிவுசெய்து தர முடியும்.

"தட்ட வாங்கிட்டு வரவா?" என்றேன்.

"மொதல்ல அந்த அம்மாகிட்ட என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. அப்புறம் அவங்களோட வாங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாசாய்க்குப் போனேன். வரிசை வீடு. வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் மகிழ்ந்துபோய் உள்ளே அழைத்து, மைலோ கலக்கிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் நிகழ்ச்சியைப் பார்த்தார்களாம்.

பிறகு அவரே சொன்னார்: "தட்டுதான் போயிருச்சு. நான்தான் தம்பி சரியா வெச்சிக்கல. அலமாரில வெக்காம இத்தன வருஷம் பெட்டியடியில போட்டுட்டேன். உங்களுக்குத்தான் சங்கடமா போச்சு, டீவில."

மைலோக் கோப்பையைக் கீழே வைத்தேன். அப்படியே கிளம்பியிருக்கலாம். அவர் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு என்னை விட்டுவிட்டார். அந்த நேரத்தில் மனதுக்குள் ஒரு நிம்மதி எழுந்ததையும் நான் மறைக்கப் போவதில்லை. இதை எழுதும்போது அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

"இல்லம்மா. தட்டு நல்லாதான் இருந்துச்சு. நான்தான் கெடுத்தேன்" என்றேன். கறுப்பு நூலைப் பற்றியும், அதை ஊதிவிட்டதைப் பற்றியும் சொன்னேன்.

உள்ளே பேரப்பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கும் சத்தம் கேட்டது.

"நான் சொன்னேனே தம்பி, இரும்பு ஊசி வேணாம்னு."

"சொன்னீங்கம்மா."

"உங்களுக்குக் கேட்டுச்சுதானே?"

"கேட்டுச்சு."

நான் பொந்தியான் விஷயத்தைச் சொன்னதும் மகனைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவரையும் மகனையும் என் காரில் பொந்தியானுக்கு அழைத்துப் போனேன். தொழில்நுட்பர் தட்டை இரு கை விரல் நுனிகளால் விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. நானும் கை நீட்டவில்லை. அறையில் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு முள்ளை இறக்கினார்.

பாதி வாக்கியத்தில் குரல் தொடங்கியது. "...சைக்கிள விக்க வேணாம், நான் வந்து பாத்துக்கிறேன். இருமலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போ. சும்மா இருக்காத. தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கேன், குடுப்பானான்னு தெரியல. சரி, முடியப் போவுதுன்னு வெளிய ஒருத்தன் கைய காட்டுறான்..." அத்தோடு நின்றது. இளம் வயதுக் குரல். அருகில் உட்கார்ந்திருந்த மகனைவிட இளையவருடையதாகத் தெரிந்தது.

மூன்று முறை கேட்டார்கள். தொழில்நுட்பர் அதை மகனின் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தார். உழுத பகுதியிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றார். அப்போதுதான் அந்த அம்மா சொன்னார்:

"அம்மா சொல்வாங்க, அப்பா மொதல்ல என் பேரச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சாராம்."

உடனே எனக்குப் படப்பிடிப்புப் பதிவு நினைவுக்கு வந்தது. கேமராவில் எல்லாச் சத்தமும் பதிவாகியிருக்குமே. தயாரிப்பாளரைக் கெஞ்சிக் கேட்டேன். நடந்ததை அவளிடமும் சொன்னேன். "அலமாக், அங்கிள்..." என்று மட்டும் அதிர்ந்துபோய்ச் சொன்னாள். வெட்டாத பதிவை இரண்டே நாளில் அனுப்பிவைத்தாள். என் கடையில் கணினி முன்னால் அந்த அம்மாவை உட்காரவைத்து, காதொலிப்பானை மாட்டிவிட்டுப் போட்டேன். எனக்கு இன்னொன்று.

இரைச்சல். ஊசி இறங்கும் சத்தம். குரல் தொடங்குகிறது. அதே நொடியில் நான். "கேளுங்க நேயர்களே, கேளுங்க!" என் காலரில் இருந்த ஒலிவாங்கி என்னைத்தான் பிடித்திருந்தது. என் வார்த்தைகளுக்குக் கீழே ஒரு முனகல். நான் மூச்சு வாங்கிய இடத்தில் அந்த அப்பா ஏதோ சொல்லி முடித்திருந்தார். அடுத்ததாக, "...எல்லாரும் சௌக்கியமா" என்று ஒரு துண்டு. பிறகு மறுபடியும் நான்.

பொந்தியான்காரரும் அவருடைய கருவிகளில் போட்டு முயன்று பார்த்தார். பிரித்தெடுக்க முடியவில்லை.

காதொலிப்பானைக் கழற்றிவிட்டு அந்த அம்மா என்னைப் பார்த்தார். "எனக்கு அன்னிக்கு என் பேரு கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. ஆனா நானே நெனச்சிக்கிட்டேனோ என்னமோ. நீங்க பெட்டிக்குப் பக்கத்துலயே நின்னீங்களே தம்பி. அப்பா சொன்னாரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். அவர் சந்தோஷமாகப் போயிருப்பார். ஆனால் இதிலும் தெரிந்த மாதிரி பேச எனக்கு வாய் வரவில்லை.

"எனக்குக் கேக்கலம்மா. நான் பேசிக்கிட்டு இருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கைப்பையை எடுத்துக்கொண்டு, மகன் வாசலில் காத்திருக்கிறான் என்று எழுந்தார்.

நிகழ்ச்சியிலிருந்து வீராப்பாக விலகியதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் செய்து கொடுத்தேன், கிராமபோன் பக்கம் மட்டும் போகாமல். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், பழைய குரல் தட்டுகளை வீட்டில் ஓட்டாதீர்கள் என்று கேமராவில் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். முழுதாகச் சொன்னேன், ஆனால் ஒளிபரப்பில் நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது கீழே ஒரு வரியாக வந்தது. படித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. என் ஸ்பிரிட் யோசனையைக் கேட்டு எத்தனை வீட்டில் எத்தனை தட்டுகள் கரைந்தன என்பதும் தெரியாது.

அந்த அம்மாவுக்குத் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறேன். பதிலுக்கு அவரும் ஒரு விளக்குப் படம் அனுப்புகிறார். போன வருடம் மகன் ஒருமுறை கடைக்கு வந்திருந்தான். அம்மா காலையில் சமைக்கும்போது கைப்பேசியில் தாத்தா குரலைப் போட்டுவிடுகிறார் என்றான். சைக்கிளை விற்க வேண்டாம் என்று தாத்தா சொல்லும் இடத்தில் அம்மா சிரிப்பாராம். "ஏன்னா பாட்டி அத அப்பவே வித்துட்டாங்களாம், அங்கிள்" என்றான்.